நூறு ஆண்டும் இரண்டு நாளும்: அமெரிக்கச் சட்டத்துக்குள் சாதி நுழைந்த வரலாறு

அமெரிக்காவில் சாதி இல்லை என்பார்கள். அதிலும் கணினித் துறையில் இல்லவே இல்லை என்பார்கள். கணினிக்குச் சாதி தெரியாது, திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம் என்பது இவர்கள் ஓதும் பாடம். 2020-இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசு சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தபோதும் இதைத்தான் ஓதினார்கள். 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோதும் இதையேதான் ஓதினார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: அமெரிக்கச் சட்டத்துக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாதாம், தலித் அமைப்புகள்தான் அதை வலிந்து உள்ளே இழுத்து வருகின்றனவாம்.

வரலாறு வேறு சொல்கிறது. அமெரிக்க நீதிமன்றப் படிகளில் சாதியை ஏற்றிவைத்தவர்கள் தலித்துகள் அல்லர். நூறு ஆண்டுகளுக்கு முன்பே, "நாங்கள் உயர்சாதி" என்று சொல்லிக்கொண்டு குடியுரிமை கேட்கப் போனவர்கள் அதைச் செய்துவிட்டார்கள். இன்று மென்பொருள் நிறுவனங்களின் விதிப் புத்தகத்தில் 'சாதி' என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு என்று புரிய வேண்டுமானால் அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உயர்சாதி என்பதே சான்றிதழ்

1790-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமை பெற வேண்டுமானால் அவர் 'சுதந்திரமான வெள்ளையராக' இருக்க வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின், 1870-இல், ஆப்பிரிக்க வழிவந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆசியர்களுக்கு இடமில்லை. அப்படியானால் இந்தியர்கள் யார்? அந்தக் கேள்விக்கு நம் நாட்டிலிருந்து போனவர்களில் சிலர் கண்டுபிடித்த பதில்தான் சாதி.

1913-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் அக்ஷய் குமார் மஜும்தார் என்ற வங்காளி குடியுரிமை பெற்றார். அவர் முன்வைத்த வாதம், தாம் கலப்பில்லாத உயர்சாதி இந்து, ஆகவே ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அதே 1913-இல் பஞ்சாபிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர் பகத் சிங் திண்ட். தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் பகத் சிங் அல்ல இவர். சீக்கியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவர். அந்நாளில் இந்தியர் எல்லோரையும் அமெரிக்கர்கள் 'இந்து' என்றே அழைத்தார்கள். 1920-இல் ஓரிகன் மாநிலத்தில் அவருக்குக் கிடைத்த குடியுரிமையை எதிர்த்து அமெரிக்க அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அமிர்தசரஸில் பிறந்த, முழு இந்திய இரத்தமுடைய 'உயர்சாதி இந்து' வெள்ளையரா, இல்லையா? உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வியே இதுதான். சாதி, கேள்வியிலேயே இருந்தது.

திண்ட் தரப்பு வைத்த வாதத்தைப் படித்தால் நமக்கு இன்றும் உடம்பு கூசும். திருமண உறவு என்று வரும்போது, வெள்ளை அமெரிக்கர் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்து தன் நாட்டின் பூர்வ குடிகளைப் பார்க்கிறார் என்பது அதன் சாரம். அதாவது, நீங்களும் ஒதுக்குகிறவர்கள், நாங்களும் ஒதுக்குகிறவர்கள், ஆகவே நாம் ஒரே இனம்! தீண்டாமையைக் குற்றமாகவோ அவமானமாகவோ அவர்கள் கருதவில்லை. தகுதிச் சான்றிதழாக நீட்டினார்கள்.

1923 பிப்ரவரி 19 அன்று நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட் எழுதிய தீர்ப்பு, திண்ட் வெள்ளையர் அல்லர் என்றது. சாதிக் கட்டுப்பாடு இருந்தும் இரத்தக் கலப்பு நடந்தே இருக்கிறது என்றும், சாதாரண வெள்ளையரின் பார்வையில் இவர் வெள்ளையர் ஆகமாட்டார் என்றும் அது சொன்னது. அதன் தொடர்ச்சியாக மஜும்தாரின் குடியுரிமையும் பறிபோனது. இதில் நாம் மகிழ எதுவுமில்லை. அந்தச் சட்டம் நிறவெறிச் சட்டம், தீர்ப்பும் நிறவெறித் தீர்ப்பு. ஆனால் அந்த நிறவெறியை எதிர்க்காமல், அதற்குள் தமக்கு மட்டும் ஓர் இடம் கேட்டு நின்றவர்கள் கையில் பிடித்திருந்த சீட்டு சாதிதான் என்பதை மறக்கக் கூடாது.

இதே 1913-இல் இன்னொருவரும் அமெரிக்காவில் கால் வைத்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அண்ணல் அம்பேத்கர். 1916 மே 9 அன்று அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய தம் முதல் ஆய்வுரையைப் படித்தார். சாதி இந்தியாவோடு நின்றுவிடாது, புலம்பெயர்கிறவர்களோடு அதுவும் கடல் கடக்கும் என்ற எச்சரிக்கை அந்த உரையிலேயே இருக்கிறது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், சாதியை ஒரு பக்கம் பட்டமாகக் காட்டினார்கள். இன்னொரு பக்கம் ஒருவர் அதை நோயாக ஆராய்ந்தார்.

கதவு திறந்தபோது உள்ளே போனவர்கள்

1946-இல் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையும், ஆண்டுக்கு 100 பேர் குடியேறும் அனுமதியும் தரும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அதே ஆண்டில் அண்ணல், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் கொடுக்கும் மனுவின் படி வேண்டும் என்றும், தீண்டப்படாதோர் நிலையும் அவர்கள் நிலையும் ஒத்திருக்கிறது என்றும் எழுதினார். உறவு தேடிய திசையைப் பாருங்கள். திண்ட் தரப்பு கறுப்பினத்தவரிடமிருந்து தூரம் காட்டி வெள்ளையரிடம் உறவு கேட்டது. அண்ணல் கறுப்பினத்தவரிடம் உறவு கேட்டார்.

பெருங்கதவு திறந்தது 1965-இல். நாட்டினப் பாகுபாட்டை நீக்கிய அந்தக் குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் வந்தது. அது படிப்புக்கும் தொழில் திறனுக்கும் முன்னுரிமை தந்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஹெச்-1பி விசாவைக் கொண்டுவந்தது. மென்பொருள் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் விமானம் ஏறினார்கள்.

படிப்புக்கு முன்னுரிமை என்றால் நம் நாட்டில் அதன் பொருள் என்ன? காரக்பூர் ஐ.ஐ.டி. 1951-இல் தொடங்கியது, பம்பாய் 1958-இல், மெட்ராஸ் 1959-இல். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு அங்கே வந்ததோ 1973-இல்தான். அதற்கு முன் வெளியேறிய தலைமுறைதான் 1965 சட்டத்தின் முதல் பயனாளிகளில் முக்கியமானது. மெட்ராஸ் ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' என்ற நூல் இதைத்தான் விரிவாகக் காட்டுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாதி வாய்ப்பு, 'திறமை' என்று பெயர் மாற்றிக்கொண்டது. சொந்த ஊரில் சாதியாக இருந்தது, அமெரிக்காவில் வெறும் 'ஐ.ஐ.டி. மூளை' ஆனது.

2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வின்படி, அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களில் தலித்துகளும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் சேர்ந்து 1.5 விழுக்காடு மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் மட்டுமே 16.6 விழுக்காடு. ஓர் அறையில் நூறு பேரில் ஒருவராக நிற்பவர் தன் சாதியை வாய்விட்டுச் சொல்வாரா? சொல்லாததை வைத்துத்தான் 'இங்கே சாதி இல்லை' என்கிறார்கள்.

சொல்லாவிட்டாலும் விடுவதில்லை. தமிழர்களிடம் சாதிப் பின்னொட்டு இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தொடங்கிவைத்த பெருமை அது. ஆனால் பெயரில் கிடைக்காததை வேறு வழியில் தேடுவார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, சைவமா, அசைவமா என்று கேட்பார்கள். தோளில் தட்டுவதுபோல் பூணூலைத் தடவிப் பார்ப்பார்கள். அங்கே வேலை செய்யும் தலித் பொறியாளர்கள் பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பவைதாம் இவை.

'சட்டவிரோதம் அல்ல'

2020 ஜூன் 30 அன்று கலிஃபோர்னியாவின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை, சான் ஹோசேயில் தலைமையகம் உள்ள சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. பாதிக்கப்பட்ட தலித் பொறியாளரின் பெயர் மறைக்கப்பட்டு, 'ஜான் டோ' என்று மட்டும் குறிப்பிடப்பட்டது. புகாரின் சாரம் இது. அவரும் அவருடைய மேலாளரும் பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். டோ பொதுப் பட்டியலில் அல்ல, இடஒதுக்கீட்டில் வந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார். டோ 2016-இல் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் முறையிட்டார். அதன் பிறகு அவருடைய பொறுப்புகள் குறைக்கப்பட்டன, குழுவில் ஒதுக்கிவைக்கப்பட்டார், வாய்ப்புகள் மறுக்கப்பட்டன. நிறுவனத்தின் உள்விசாரணையில் அவருக்குக் கிடைத்த பதில், சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்பது.

குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. யார் குற்றவாளி என்று நாம் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. நமக்கு முக்கியம், 'சட்டவிரோதம் அல்ல' என்ற அந்தப் பதில். 1964-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், தேசிய இனம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதில் சாதி என்ற சொல் இல்லை. சொல் இல்லாததால் புகார்ப் படிவத்தில் கட்டமில்லை. கட்டமில்லாததால் விசாரிக்கும் அதிகாரிக்கு வேலையில்லை.

1923-இல் 'உயர்சாதி' என்ற சொல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-இல் ஒரு தலித் பொறியாளர் அதே சாதியைப் பற்றி முறையிட்டபோது, அப்படியொன்று விதியில் இல்லை என்று கதவு சாத்தப்பட்டது. சலுகை கேட்கும்போது சாதி உண்டு, நீதி கேட்கும்போது இல்லை.

வழக்கு வெளியே தெரிந்த சில வாரங்களுக்குள், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்வோரிடமிருந்து 250-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்ததாக ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பு அறிவித்தது. அமெரிக்காவில் பணிபுரியும் 30 தலித் பெண் பொறியாளர்கள், பெயர் வெளியிடாமல், ஒரு கூட்டறிக்கை விட்டார்கள்.

எதிர்த்தரப்பு ஓர் ஆய்வைக் காட்டுவது உண்டு. 1,200 இந்திய அமெரிக்கர்களிடம் கார்னகி நிறுவனம் எடுத்த கணிப்பில் 5 விழுக்காட்டினர்தான் சாதிப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆனால் அதே கணிப்பில், சாதி அடையாளம் உண்டு என்று சொன்ன இந்துக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பொதுப் பிரிவினர். அடி வாங்காதவர்களிடம் போய் வலிக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

ஒரு சொல்லுக்கு இத்தனை தயக்கம்

அதே 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டத்தின் சூட்டில், நிரலர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கிட்ஹப் தளம் ஒரு முடிவெடுத்தது. நிரல் களஞ்சியத்தின் முதன்மைக் கிளைக்கு 'மாஸ்டர்' என்று இருந்த பெயரை, அடிமை முறையை நினைவூட்டுவதால், 'மெயின்' என்று மாற்றியது. ஜூனில் பேச்சு எழுந்தது, அக்டோபரில் புதிய களஞ்சியங்களுக்கு மாற்றம் வந்தது. உலகம் முழுக்க எத்தனையோ கருவிகளும் பாடநூல்களும் மாற வேண்டியிருந்தும் சில மாதங்களில் நடந்தது. நல்ல காரியம்தான். சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கும் துறை அல்ல இது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு சொல்லின் காயம் புரிந்த துறைக்கு, விதிப் புத்தகத்தில் 'சாதி' என்று சேர்ப்பது மட்டும் ஏன் மலையாகத் தெரிந்தது?

சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2020 செப்டம்பருக்குப் பிறகு தன் நடத்தை விதிகளில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஐ.பி.எம். தன் இந்திய விதிகளில் முன்பே வைத்திருந்த சொல்லை உலகளாவிய விதிக்கும் கொண்டுபோனது. 2022-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வந்த பிறகுதான் வெளியுலகுக்கு இது தெரிந்தது. அந்த நேரத்தில் கூகுள் உள்ளிட்ட பல பெரிய நிறுவனங்களின் விதிகளில் அந்தச் சொல் இல்லை.

கூகுளில் நடந்தது தனிக்கதை. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தலித் செயல்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் அங்கே பேசுவதாக இருந்தது. ஊழியர்களில் சிலர் எதிர்த்தார்கள். பேச்சு பிளவை உண்டாக்குகிறது என்று சொல்லி நிறுவனம் அதைக் கைவிட்டது. அதை ஏற்பாடு செய்த மூத்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். ஆதிக்கத்தைப் பற்றிப் பேசுவதுதான் பிளவு, ஆதிக்கம் பிளவு அல்ல!

இந்தச் சூழலில்தான் 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகரமன்றம், உறுப்பினர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தை 6-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அமேசானின் தலைமையகம் உள்ள நகரம், மைக்ரோசாஃப்ட் பக்கத்திலேயே இருக்கிறது. சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் அது. திண்ட் தீர்ப்புக்குப் பிறகு சரியாக நூறு ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தது. மஜும்தார் உயர்சாதி என்று சொல்லிக் குடியுரிமை பெற்ற அதே வாஷிங்டன் மாநிலத்தில், சாதியால் ஒடுக்கப்பட்டவருக்குக் காப்பு கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரமும் சேர்ந்துகொண்டது.

கலிஃபோர்னியா மாநிலம் முழுமைக்கும் செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த எஸ்.பி. 403 மசோதா, இரு அவைகளிலும் பெரும்பான்மையோடு நிறைவேறியது. 2023 அக்டோபர் 7 அன்று ஆளுநர் கவின் நியூசம் அதை நிராகரித்தார். காரணம்? இருக்கும் சட்டமே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆகவே தேவையில்லை என்றார்.

இங்கேதான் இரட்டை நாக்கைக் கவனிக்க வேண்டும். ஆளுநர் மாளிகையில், ஏற்கெனவே இருக்கிறது, தேவையில்லை என்கிறார்கள். நீதிமன்றத்திலோ, சாதி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வகையே அல்ல என்று சிஸ்கோ தரப்பு வாதிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் ஒருவர்தான், புகார் கொடுக்கத் துணிந்த தலித் ஊழியர்.

சாதியைப் பெயர் சொன்னால் இந்தியர் எல்லோரையும் சந்தேகிப்பதாகும் என்றும் ஒரு வாதம் உண்டு. அந்தச் சட்டம் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லவில்லை, எந்த மதத்தின் பெயரையும் சொல்லவில்லை. பாலினம் என்று சட்டத்தில் எழுதியதால் ஆண்கள் எல்லோரும் குற்றவாளிகள் ஆகிவிடவில்லையே.

இங்கே என்ன நிலை?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அங்கே போனது இங்கிருந்து போன சாதிதான். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் அதே நிறுவனங்களின் கிளைகள் இருக்கின்றன. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. 2006-இல் அந்தக் கோரிக்கை வலுத்தபோது, தொழிலதிபர் கூட்டமைப்புகள் கட்டாயம் வேண்டாம், நாங்களே தன்விருப்பமாகச் செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்துத் தப்பின. அடுத்த ஆண்டே சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் தம் ஆய்வை வெளியிட்டார்கள். 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்த ஆய்வு அது. தகுதி ஒன்றாக இருந்தும், உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு அதில் பாதி.

இன்றைக்கு செபி விதிப்படி பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள், தம் ஊழியர்களில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகின்றன. தலித்துகள் எத்தனை என்ற கணக்கு அங்கே கேட்கப்படுவதில்லை. எண்ணாவிட்டால் குறைவு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதுதான் வசதி.

ஆகவே கணினித் துறையில் இருக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு மூன்று வேலைகள் சொல்கிறோம். முதலில், உங்கள் நிறுவனத்தின் நடத்தை விதிகளை எடுத்துப் பாருங்கள், 'சாதி' என்ற சொல் இருக்கிறதா என்று. அமெரிக்க விதியில் இருந்து இந்தியக் கிளையில் இல்லாமலும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். இரண்டாவது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். தலித் அல்லாத தோழர்களும் கையெழுத்துப் போடட்டும். தனியாக நின்றால் முதலில் கேள்வி வருவது கேட்டவரின் சாதியைப் பற்றித்தான். மூன்றாவது, சொல் இருக்கிறதென்றால், அதன்கீழ் புகார் வந்தால் விசாரிப்பது யார், அவருக்கு சாதியைப் பற்றிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

சாதியை எழுதாமல் விட்டால் அது தானாக மறைந்துவிடும் என்பவர்களுக்கு இந்த நூறு ஆண்டே பதில். எழுதப்படாத காலம் முழுவதும் அது உயர்ந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்தது. இனி நமக்கும் வேலை செய்யட்டும், எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஜெய் பீம்.